தாவரங்களின் இரட்டிப்புக் கணக்கு

ஈக்காட்டுத்தாங்கலில் நாம் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு பழக்கடை உண்டு. கோயம்பேட்டிலிருந்து விடியற்காலையில் வந்திறங்கும் வாழைத்தார்கள் அங்கே வரிசையாகத் தொங்கும். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, பச்சை வாழை, செவ்வாழை, ஏலக்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு மணம். விலையைப் பற்றிக் கடைக்காரரோடு வாதாடாத வாடிக்கைக்காரர் இல்லை. ஆனால், "இந்தப் பழத்தில் விதை எங்கே, ஐயா?" என்று கேட்டவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை.

மாங்கனிக்குக் கொட்டை இருக்கிறது. கொய்யாவுக்குப் பல்லில் சிக்கும் விதை இருக்கிறது. சீதாப்பழத்திலோ சதையைவிட விதையே மிகுதி என்று சொல்லிவிடலாம். பழம் என்பதே, விதையைச் சுமந்து செல்வதற்காகப் பிரகிருதி செய்துவைத்த பல்லக்கு அல்லவா? வாழையிலோ பல்லக்கு வருகிறது, மேளதாளம் வருகிறது. மாப்பிள்ளையை மட்டும் காணோம்! பழத்தை நறுக்கினால் நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள்தாம் அந்த மாப்பிள்ளையின் மிச்சம்.

இது எப்படி நேர்ந்தது என்று விசாரிக்கப் புகுந்தால், வாழையோடு நிற்பதில்லை. கரும்பு, பருத்தி, கடுகு, கேழ்வரகு, வேர்க்கடலை, கோதுமை என்று நமது சமையலறையும் துணிப்பெட்டியும் முழுவதும் அந்தக் கதைக்குள் வந்துவிடுகின்றன. கோயமுத்தூரும் மதுரவாயலும்கூட வருகின்றன.

முதலில் சிறிது பாடம் நடத்த வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். உபாத்தியாயர் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தவிர்க்க முடியாத பழக்கம்.

செடியானாலும் மனிதனானாலும் உடம்பு சின்னஞ்சிறு அணுக்களால் ஆனது. ஒவ்வொரு அணுவின் கருவிலும் நூல் துண்டுகளைப் போன்ற சில உறுப்புகள் உள்ளன. சாயம் ஏற்றிப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தால் அவை கண்ணுக்குப் புலனாகும். க்ரோமோஸோம் என்று அவற்றுக்குப் பெயர். வெங்காயத்தின் வேர் நுனியை நசுக்கி இவற்றைப் பார்க்கும் பயிற்சி பள்ளிக்கூடங்களிலேயே நடைபெறுகிறது. தாய் தந்தையரின் குணங்கள் பிள்ளைகளுக்கு வருவதெல்லாம் இந்தச் சுவடிக்கட்டுகளின் வழியேதான். வெங்காயத்துக்கு 16, நெல்லுக்கு 24, மனிதனுக்கு 46 என்று இனத்துக்கு இனம் எண்ணிக்கை வேறுபடும். எண்ணிக்கை பெரிதாக இருந்தால் அறிவும் பெரிது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்; அந்த அகங்காரத்தைப் போக்கும் ஒரு சிறு செடியைப் பின்னால் அறிமுகப்படுத்துவோம்.

எல்லா எண்ணிக்கையும் இரட்டைப்படையில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் எளிது. ஒரு தொகுதி தாயிடமிருந்தும் மற்றொரு தொகுதி தந்தையிடமிருந்தும் வந்தவை. மகரந்தமும் சூலும் உண்டாகும் சமயத்தில், ஒத்த க்ரோமோஸோம்கள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நின்று, பிறகு பாதிப் பாதியாகப் பிரிந்து போகும். இரண்டு பாதிகள் கூடி மறுபடியும் முழுக்கணக்கு ஆகும். கோலாட்டம் ஆடும் பெண்களைப் போல ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு துணை இருந்தால்தான் இந்த ஆட்டம் நடக்கும்.

இப்போது வாழைக்கு வருவோம். காட்டு வாழைக்கு 22 க்ரோமோஸோம்கள். அதாவது, பதினொன்று கொண்ட இரண்டு தொகுதிகள். காட்டு வாழையின் பழத்தில் கல்லைப் போன்ற விதைகள் நிறைந்திருக்கும். நம் கடையில் தொங்கும் பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் கற்பூரவல்லிக்குமோ 33. எப்போதோ ஒரு வாழையின் பூவில், பாதியாகப் பிரிய வேண்டிய கணக்கு பிரியாமல் முழுவதுமாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டது. இரண்டு தொகுதியோடு ஒன்று சேர்ந்து மூன்றாயிற்று. மூன்று பேர் எதிரெதிரே நின்று கோலாட்டம் போட முடியுமா? கோல்கள் குழம்புகின்றன, மகரந்தமும் சூலும் உருப்படியாக அமைவதில்லை, விதை பிறப்பதில்லை. விதையில்லாமலே காய் பருக்கும் இயல்பு வாழைக்கு வேறொரு வழியில் ஏற்கெனவே வாய்த்திருந்தது. கன்னியாகுமரிப் பக்கத்து மட்டி வாழை இரண்டே தொகுதியோடு விதையின்றிக் கனிவது அதனால்தான். மூன்றாவது தொகுதி வந்து சேர்ந்ததும் மலட்டுத்தன்மை உறுதிப்பட்டது, பழமும் பெருத்தது.

அறிஞர்கள் இதையும் ஆராய்ந்து பங்கு பிரித்திருக்கிறார்கள். காட்டு வாழையில் அக்யுமினாட்டா, பால்பிஸியானா என்று இரண்டு இனங்கள் உண்டு. பச்சை வாழையும் செவ்வாழையும் மூன்று தொகுதியும் முதல் இனத்திலிருந்தே பெற்றவை. பூவனும் ரஸ்தாளியும் முதல் இனத்தில் இரண்டு பங்கும் இரண்டாவதில் ஒரு பங்கும் கொண்டவை. கற்பூரவல்லியும் மொந்தனும் நேர்மாறு. வறட்சியைத் தாங்கும் பால்பிஸியானா இரத்தம் அவற்றில் மிகுதி. ஏலக்கிக்கு இரண்டிலும் ஒவ்வொரு பங்கு. 1955-ஆம் வருஷத்தில் ஸிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் இந்தப் பங்குப் பத்திரத்தை எழுதி வைத்தார்கள்.

க்ரோமோஸோம் தொகுதி பெருகுவதால் வாழை மலடானது. ஆனால் மலட்டுச் செடியைப் பிள்ளை பெறச் செய்வதும் இதே பெருக்கம்தான் என்றால் நம்ப முடிகிறதா?

1920-களில் ருஷ்ய தேசத்தில் கர்ப்பெச்சென்கோ என்ற விஞ்ஞானி முள்ளங்கியையும் முட்டைக்கோஸையும் கலந்து ஒரு செடியை உண்டாக்கினார். இரண்டுக்கும் 18 க்ரோமோஸோம்கள். பிறந்த பிள்ளைக்கு முள்ளங்கியிடமிருந்து ஒன்பது, கோஸிடமிருந்து ஒன்பது. ஆனால் முள்ளங்கியின் ஒன்பதுக்குக் கோஸின் ஒன்பது ஜோடியாக நிற்க மறுத்தன, செடி மலடாயிற்று. இருந்தும் எப்படியோ சில விதைகள் கிடைத்தன. அவற்றை முளைக்க வைத்துப் பார்த்தால், 36 க்ரோமோஸோம்கள்! எல்லாம் இரட்டித்து, முள்ளங்கிக்கு முள்ளங்கியும் கோஸுக்குக் கோஸும் துணை கிடைத்துவிட்டன. அந்தச் செடிகள் தங்களுக்குள் தாராளமாக விதை வைத்தன. தாயோடும் தந்தையோடும் எளிதில் கூடவில்லை. ஒரு புதிய இனம் மனிதன் கண்ணெதிரே பிறந்துவிட்டது. சமையலுக்கு அது உதவவில்லை என்பது வேறு விஷயம். கிழங்கும் திரளவில்லை, கோஸும் உருளவில்லை. கர்ப்பெச்சென்கோவை 1941-இல் ஸ்டாலின் அரசாங்கம் சுட்டுக் கொன்றது. மரபியலைப் பகைத்த அந்தக் காலம் ருஷ்ய விஞ்ஞானத்துக்கு இழைத்த கொடுமைகளில் அதுவும் ஒன்று.

மனிதன் முள்ளங்கியில் செய்ததைப் பிரகிருதி கடுகில் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே செய்திருந்தது. கொரியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த ஊ நாகஹாரு என்ற அறிஞர் 1935-இல் இதை நிரூபித்தார். டர்னிப் குடும்பத்துச் செடி ஒன்றின் பத்தும் கருங்கடுகின் எட்டும் சேர்ந்து பதினெட்டாகி, அது இரட்டித்து 36 ஆனதுதான் நாம் தாளிக்கும் கடுகு. கேழ்வரகும் இப்படி இரு குடும்பங்கள் கூடிப் பிறந்ததே, வேர்க்கடலையும் அப்படியே. ரொட்டிக்கு மாவாகும் கோதுமையோ மூன்று புல்லினங்களின் கூட்டுக் குடும்பம். ஆறு தொகுதி, 42 க்ரோமோஸோம்.

இந்தக் கணக்கு நம் தேசத்தின் பொருளாதாரத்தையே மாற்றிய கதை கோயமுத்தூரில் நடந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், கரும்பின் தாயகங்களில் ஒன்றான இந்தியா ஜாவாவிலிருந்து சர்க்கரை வாங்கித் தின்றுகொண்டிருந்தது. வட இந்தியாவில் பயிரான கரும்பு விரல் பருமனில் இருந்தது. தெற்கே விளைந்த பருத்த கரும்போ வடக்கத்திக் குளிரையும் நோயையும் தாங்கவில்லை. இரண்டையும் கலந்து புதிதாக ஒன்றை உண்டாக்கலாம் என்றால், வடக்கே கரும்பு சரியாகப் பூப்பதில்லை. கோயமுத்தூரின் சீதோஷ்ணத்தில் அது பூத்தது. ஆகவே 1912-இல் அங்கே கரும்பு அபிவிருத்தி நிலையம் ஏற்பட்டது. டாக்டர் பார்பர் என்ற ஆங்கிலேயரும், அவருக்குத் துணையாக நம்மவரான டி. எஸ். வெங்கட்ராமனும் வேலையைத் தொடங்கினார்கள்.

அவர்கள் செய்த துணிச்சலான காரியம், உயர்ந்த ஜாதிக் கரும்புக்கு மாப்பிள்ளை தேடி ஆற்றங்கரைக்குப் போனது. அங்கே காற்றில் வெண்கவரி வீசிக்கொண்டு நிற்கும் காட்டுக் கரும்பு உண்டு. நாணல் என்பார்கள், பேய்க்கரும்பு என்பார்கள். சாறும் இல்லை, தித்திப்பும் இல்லை. ஆனால் வெள்ளம், வறட்சி, நோய் எதற்கும் அஞ்சாது. பட்டினத்தார் கையில் வைத்துத் திரிந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்ததாக நாம் கேட்டிருக்கிறோம். கோயமுத்தூரிலும் ஏறக்குறைய அதுவே நடந்தது. 'வெள்ளை' என்ற கரும்புக்கும் இந்தப் பேய்க்கரும்புக்கும் பிறந்தது 'கோ 205'. 1918-இல் அது வெளிவந்து பஞ்சாபில் பரவியது. பழைய கரும்பைவிட ஒன்றரை மடங்கு விளைவு கண்ட குடியானவர்கள் அதைக் கைவிடவில்லை. அதன் பின்னால் வரிசையாகக் கோயமுத்தூர்க் கரும்புகள் வடக்கே புறப்பட்டன. 1932-இல் ஏற்பட்ட சர்க்கரைப் பாதுகாப்புச் சட்டமும் துணை செய்ய, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஜாவா சர்க்கரைக்கு இந்தியாவில் வேலையில்லாமல் போயிற்று. சுதேசியத்துக்குக் கைராட்டை செய்த உதவியை எல்லோரும் பேசுகிறோம். ஒரு புல் செய்த உதவியையும் கொஞ்சம் பேசலாம்.

இனி, அதன் உள்ளே இருக்கும் கணக்கைப் பாருங்கள். வெள்ளைக் கரும்புக்கு 80 க்ரோமோஸோம். கோயமுத்தூர்ப் பேய்க்கரும்புக்கு 64. பாதிக்குப் பாதி சேர்த்தால் பிள்ளைக்கு 72 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 112! தந்தை தன் பாதியாகிய 32-ஐ மட்டும் கொடுத்திருக்கிறது. தாய் தன் சொத்து முழுவதையும், 80-ஐயும், அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டது. இந்த விசித்திரத்தை ஜாவாவில் உழைத்த ப்ரெமர் என்ற டச்சுக்காரர் 1920-களில் கண்டு விளக்கினார். ஒரே தலைமுறையில் இனிப்பும் நிறைந்து உறுதியும் சேர்ந்ததன் இரகசியம் தாயின் இந்தக் கொடைதான். இன்று உலகத்தில் சர்க்கரை ஆலைகளுக்குப் போகும் கரும்புகள் பெரும்பாலும் இத்தகைய கலப்பின் வழித்தோன்றல்களே. நூறுக்கும் நூற்றுமுப்பதுக்கும் இடையே க்ரோமோஸோம்களைச் சுமந்து நிற்கின்றன.

இந்தக் கணக்கையெல்லாம் பூதக்கண்ணாடியில் எண்ணித் தீர்ப்பதற்கென்றே கோயமுத்தூருக்கு 1934-இல் ஒரு பெண்மணி வந்தார். டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாள். தலச்சேரியில் 1897-இல் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர். உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலைக்குச் சென்று, 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். நம் தேசத்துப் பெண்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதிருந்த காலம் அது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கோயமுத்தூரில் அவர் கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் கலந்து, பிறந்தவற்றின் க்ரோமோஸோம்களை எண்ணி விலாயத்துப் பத்திரிகைகளில் வெளியிட்டார். ஆனால் தனித்து வாழ்ந்த பெண் என்பதாலும், பிறந்த குலத்தாலும் அவருக்கு அங்கே மனக்கசப்புகள் நேர்ந்தன என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். கரும்புக்கும் காட்டுப் புல்லுக்கும் கலப்பு மணம் செய்து வைத்துப் பெருமைப்பட்ட மனிதர்கள் தங்களுக்குள் மட்டும் குலம் பார்த்தது வேடிக்கைதான். 1939-இல் எடின்பரோ நகரத்து மரபியல் மகாநாட்டுக்குச் சென்ற ஜானகி அம்மாள், யுத்தம் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். ஜான் இன்னஸ் நிலையத்தில் டார்லிங்டன் என்ற பேரறிஞரோடு உழைத்து, பயிர்ச்செடிகளின் க்ரோமோஸோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945-இல் அவரோடு சேர்ந்து ஒரு பெரிய நூலை வெளியிட்டார். தாவர ஆராய்ச்சியாளர்களுக்கு அது நெடுங்காலம் நிகண்டு போல விளங்கிற்று.

அங்கிருந்து விஸ்லி என்னுமிடத்தில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்துக்குப் போனார். அதற்குள் ஒரு புதிய சாதனம் விஞ்ஞானிகள் கைக்கு வந்திருந்தது. அணு இரண்டாகப் பிரியும்போது, க்ரோமோஸோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லக் கதிரில் சுற்றிய நூல் போன்ற இழைகள் தோன்றும். கோல்ச்சிசின் என்னும் சத்து அந்த இழைகள் உருவாகாதபடி தடுத்துவிடும். க்ரோமோஸோம்கள் இரட்டிக்கும், ஆனால் பிரிய மாட்டா. ஒரே அணுவில் இரண்டு பங்கு! இதைச் செடிகளில் பயன்படுத்தும் முறை 1937-இல் அமெரிக்காவில் பிரசித்தமாயிற்று. ஜானகி அம்மாள் மக்னோலியா நாற்றுகளுக்கு இந்த மருந்தை இட்டார். வெண்மலர் பூக்கும் ஒரு வகைக்கு அவருடைய பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கோல்ச்சிசின் ஏதோ அந்நியச் சரக்கு என்று வாசகர்கள் நினைக்கலாம். நம் செங்காந்தளில் அது இருக்கிறது! சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன அதே மலர். இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் திண்டுக்கல், கரூர்ப் பக்கங்களில் அதைப் பயிரிட்டு, கீல்வாயு மருந்துக்காக விதையை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். கிழங்கு கொடிய விஷம். வீட்டுத் தோட்டத்தில் வைத்திருப்பவர்கள் குழந்தைகள் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பிரகிருதி மருந்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. கடுங்குளிரோ திடீர் வெப்பமோ போதும்; பிரிவினை தவறிப்போகும். ஜானகி அம்மாள் 1951-இல் நேருஜியின் அழைப்பின்பேரில் இந்தியா திரும்பி, தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். இமயமலைச் செடிகளை ஆராய்ந்த அவர், குளிரும் ஈரமும் உள்ள வடகிழக்கு இமயத்தில், வறண்ட வடமேற்கைவிட அதிகமான இனங்கள் தோன்றியிருப்பதற்கு இந்தக் க்ரோமோஸோம் பெருக்கமே காரணம் என்று கூறினார்.

பருத்தியைப் பற்றிச் சொல்லாவிட்டால் திருநெல்வேலிச் சீமையார் கோபித்துக்கொள்வார்கள். கரிசல் மண்ணின் கருங்கண்ணிப் பருத்திக்கு 26 க்ரோமோஸோம். அமெரிக்கப் பருத்திக்கு 52. அந்த 52-இல் பாதி உருவத்தில் பெரியவை, பாதி சிறியவை. பெரியவை பழைய உலகத்துப் பருத்தியின் வம்சம். சிறியவை அமெரிக்கக் காட்டுப் பருத்தியின் வம்சம். பத்துப் பதினைந்து லட்சம் வருஷங்களுக்கு முன், மனிதன் தோணி கட்டுவதற்கு வெகுகாலம் முன்பு, ஏதோ ஒரு விதை கடலைக் கடந்து போய்ச் சம்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. இன்று நம் ஆலைகள் நூற்பது பெரும்பாலும் அந்தப் பேரப்பிள்ளையைத்தான். கருங்கண்ணி தன் ஊரிலேயே அருகிவிட்டது.

பூக்கும் தாவரங்களில் புதிய இனம் பிறக்கும் நிகழ்ச்சிகளில் நூற்றுக்குப் பதினைந்து க்ரோமோஸோம் பெருக்கத்தோடு சேர்ந்தே நிகழ்கின்றன என்று 2009-இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. பெரணிகளில் அது நூற்றுக்கு முப்பத்தொன்று. முன்னே சொன்ன சிறு செடியும் பெரணிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஓபியோகுளோஸம் ரெட்டிகுலேட்டம் என்று பெயர். கையகல இலை ஒன்றும், அதன் நடுவே நாக்குப் போன்ற ஒரு தண்டும்தான் அதன் ஆஸ்தி. திருவனந்தபுரத்து ஆபிரகாம், நைனான் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1954-இல் எண்ணிச் சொன்ன அதன் க்ரோமோஸோம் கணக்கு 1,200-க்கும் மேல்! தாவரக் குலத்தில் இதற்கு நிகரான எண்ணிக்கை வேறெங்கும் காணப்படவில்லை.

இரட்டிப்பதால் செடிக்கு என்ன லாபம்? ஒவ்வொரு குணத்துக்கும் கையில் ஒரு பிரதி மிச்சமாக இருக்கிறது. மூலப் பிரதி வழக்கமான வேலையைப் பார்த்துக்கொள்ள, மிஞ்சிய பிரதி மாறி மாறிப் புதிய வேலை எதையேனும் கற்றுக்கொள்ளலாம். பூக்கும் தாவரங்களின் ஆதி மூதாதையே இப்படி இரட்டித்த ஒன்றுதான் என்று இன்றைய ஆராய்ச்சி காட்டுகிறது. சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் ராட்சத பல்லிகள் மாண்ட பிரளய காலத்தில் பல தாவர வம்சங்கள் இரட்டிப்பினால்தான் தப்பிப் பிழைத்தன என்றும் சில அறிஞர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் இரட்டித்ததெல்லாம் பிழைத்தது என்று எண்ணக் கூடாது. நூறு செடிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் இரட்டித்துக்கொண்டால், அதற்கு வந்து சேரும் மகரந்தமெல்லாம் கணக்கு ஒவ்வாத மகரந்தம். வம்சம் அதோடு நின்றுவிடும். தன் பூவாலேயே தான் கருவுறும் செடியோ, கிழங்காலும் கன்றாலும் பெருகும் செடியோதான் அந்தக் கண்டத்தைத் தாண்டும். வாழை கன்றால் தாண்டியது.

தாண்டியதற்கு விலையும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கன்றால் பெருகியதால் ஒரு தோட்டத்து வாழையெல்லாம் ஒரே வாழை. ஒன்றுக்கு வரும் நோய் எல்லாவற்றுக்கும் வரும். பனாமா வாடல் என்னும் நோய் மத்திய அமெரிக்காவில் க்ரோ மிஷேல் என்ற வாழையை 1950-களிலும் 60-களிலும் வியாபாரத்தை விட்டே துரத்திற்று. நம் ரஸ்தாளிக்கும் அந்த நோய் பழைய எமன். அப்போது மாற்றாக வந்த பச்சை வாழை இனத்தையும் இப்போது அதே நோயின் புதிய உருவம் பற்றியிருக்கிறது; பீஹாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் அது தோட்டங்களை அழித்திருக்கிறது. மலட்டுச் செடியைக் கலப்பு மணம் செய்து வலுப்படுத்துவது எப்படி? மறுபடியும் பழைய வழிதான். மூன்று தொகுதி வாழையின் பூக்களில் மிக அரிதாக ஒன்று தன் மூன்றையும் பிரிக்காமல் கொடுத்துவிடும். காட்டு வாழையின் மகரந்தம் அதோடு கூடினால் நான்கு தொகுதியுள்ள ஒரு விதை கிடைக்கும். ஹோண்டுராஸில் இப்படித் தார் தாராகப் பழத்தைப் பிசைந்து விதை தேடினார்கள். 1993-இல் ஏற்பட்ட திருச்சி வாழை ஆராய்ச்சி நிலையத்திலும் கலப்பு முயற்சிகள் நடைபெறுகின்றன. எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளை காட்டிலிருந்துதான் வர வேண்டும். காடு இருந்தால் அல்லவா மாப்பிள்ளை?

ஜானகி அம்மாளின் முதுமைக் காலத்துக் கவலை இதுவே. நம் நூறடிச் சாலையில் வடக்கே கோயம்பேடு வரை போய் மேற்கே திரும்பினால் சில மைல்களில் மதுரவாயல். சென்னைச் சர்வகலாசாலைத் தாவரவியல் உயராய்வு மையத்தின் வயல் ஆராய்ச்சிக்கூடம் அங்கே இருந்தது. 1970 முதல் அவர் அங்கேதான் மருந்துச் செடிகளை வளர்த்துக்கொண்டு வாழ்ந்தார். பாலக்காட்டு மலையில் அமைதிப் பள்ளத்தாக்கை மூழ்கடித்து மின்சார அணை கட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, எண்பது வயதில் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அந்தக் காட்டு மரங்களின் க்ரோமோஸோம்களை எண்ணிப் பதிவு செய்யும் வேலையிலும் இறங்கினார். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7-ஆம் தேதி மதுரவாயலில் அவர் காலமானார். அதே வருஷம் நவம்பர் 15-ஆம் தேதி அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.